‘ஊக்கமில்லாத பிள்ளை’ என்று எந்த உளவியலும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆளுமை, ஊக்கம் ஆகியவை பற்றி வெளியான முழுப்பக்கக் கட்டுரையை இருமுறை படித்தேன். உளவியலுக்கு நாளிதழ் ஒன்று முழுப்பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடப்பதன்று என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு 30 ஆண்டுகள் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்தக் கட்டுரையின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அது வந்து சேர்ந்த முடிவும், அந்த முடிவின் பேரில் பெற்றோருக்குத் தரப்பட்ட அறிவுரையும் பிழையானவை. அவற்றால் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் என்று உண்மையாகவே அஞ்சுவதால், சற்று நீளமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையின் சாரம் இதுதான்: பரிசையும் தண்டனையையும் காட்டி வெளியிலிருந்து இயக்கப்பட வேண்டியவர்கள் ஒரு வகை, தமக்குள்ளிருந்து எழும் விருப்பத்தால் தாமே இயங்குகிறவர்கள் இன்னொரு வகை, முதல் வகையினரை விளக்குவது நடத்தையியல், இரண்டாம் வகையினரை விளக்குவது மனிதநேய உளவியல். கடைசியில் கட்டம் கட்டிப் பத்துக் கேள்விகள் கொடுத்து, ‘ஆம்’ என்ற விடைகளை எண்ணிப் பார்த்து உங்கள் பிள்ளை எந்த வகை ஆளுமை என்று கண்டுகொள்ளுங்கள் என்றும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. இந்த இரண்டு கோட்பாடுகளில் எதுவும் மனிதரை இப்படி இரண்டு பெட்டிகளில் போடவில்லை. ஒன்றோடொன்று கடுமையாக மோதிக்கொண்ட அந்த இரண்டு மரபுகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன: குழந்தை ஏன் இயங்கவில்லை என்று கேட்டால், இரண்டுமே முதலில் குழந்தைக்கு எதிரே இருக்கிற பெரியவரைத்தான் திரும்பிப் பார்க்கின்றன.

நடத்தையியலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கட்டுரையில் அதிகம் அடிபட்டது அதுதான். 1913-இல் ஜான் வாட்சன், உளவியல் என்பது வெளியில் தெரிகிற நடத்தையை ஆராயும் இயற்கை அறிவியலாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். பாவ்லோவின் நாய்களையும், தூண்டல் - துலங்கல் என்ற இணைச் சொற்களையும் பள்ளிப் பாடத்திலேயே பலரும் படித்திருப்பார்கள். ஆனால் ஆளுமை, ஊக்கம் என்ற இரண்டு சொற்களைப் பொறுத்தவரை நாம் கவனமாகப் படிக்க வேண்டியவர் பி.எஃப். ஸ்கின்னர். ஆளுமை என்பது மனிதருக்குள் உட்கார்ந்துகொண்டு அவரை இயக்கும் ஒரு பொருள் என்ற கருத்தையே அவர் ஏற்கவில்லை. ஒருவர் எந்தச் சூழலில் எதைச் செய்கிறார், அதற்கு என்ன விளைவு கிடைக்கிறது, அந்த விளைவு அடுத்த முறை அவர் செய்வதை எப்படி மாற்றுகிறது என்ற தொடர்ச்சியே அவருடைய பார்வையில் ஆளுமை. வீட்டில் வாயே திறக்காத ஒருவர் நண்பர்கள் நடுவே கலகலப்பாகப் பேசினால், இதில் எது அவருடைய உண்மையான ஆளுமை என்று ஸ்கின்னர் கேட்க மாட்டார். இரண்டு இடங்களிலும் அவருடைய பேச்சுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் கேட்பார். அப்படிப்பட்டவருடைய கோட்பாட்டைக் காட்டி, ‘வெளியிலிருந்து இயக்கப்பட வேண்டிய ஆளுமை’ என்று ஒரு வகையை உண்டாக்குவது அவர் வாழ்நாளெல்லாம் மறுத்ததை அவர் வாயிலேயே வைப்பதாகும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பயிற்சி ஆசிரியை ஒருவரின் கணக்கு வகுப்பைக் கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் முதல் கணக்கை முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் மேசைக்குப் போனான். அவர் வேறொரு குழந்தையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘போய் உட்காரு, வரேன்’ என்றார். பையன் திரும்பி வந்தான். இரண்டாவது கணக்கையும் முடித்தான், மீண்டும் எழுந்து போனான். இம்முறை அவர் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் அசைத்தார். மூன்றாவது கணக்கை அவன் தொடங்கவில்லை. பென்சிலின் பின்முனையால் மேசை விளிம்பைத் தட்டத் தொடங்கினான். நான்காவது தட்டுக்கு ஆசிரியை நிமிர்ந்தார். பெயர் சொல்லி அழைத்தார். எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்று ஏறக்குறைய ஒரு நிமிடம் அவனிடம் பேசினார். அந்தப் பாடவேளை முழுவதிலும் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த ஒரே கவனம் அந்த ஒரு நிமிடம்தான். மாலையில் அவர் என்னிடம் கொடுத்த குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே, ‘கவனமில்லை, ஊக்கம் குறைந்த மாணவன்’ என்று எழுதியிருந்தார். அந்த ஆசிரியை கடமை உணர்வு உள்ளவர், குழந்தைகளிடம் அன்பானவர். தன் கண்ணெதிரே நடந்ததை அவர் பார்க்காமல் போனதற்குக் காரணம், ஊக்கம் என்பது பிள்ளைக்குள் இருக்கும் அல்லது இல்லாமலிருக்கும் ஒன்று என்று நாங்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம் என்பதுதான்.

நடத்தையியலில் வலுவூட்டல் என்ற சொல்லுக்கு உரிய பொருள் இங்கேதான் விளங்கும். பரிசு என்பது கொடுப்பவர் பரிசு என்று நினைப்பது. வலுவூட்டி என்பது, அது கிடைத்த பின் அந்த நடத்தை உண்மையிலேயே கூடினால் மட்டுமே அந்தப் பெயருக்கு உரியது. ஆசிரியை கண்டித்ததாக நினைத்தார். பையனுக்கு அது பென்சில் தட்டியதற்குக் கிடைத்த வலுவூட்டலாகப் போய்ச் சேர்ந்தது. அவர் ஊக்குவிக்க நினைத்த கணக்குப் போடுதலோ இரண்டு முறை எந்த விளைவும் இன்றித் திரும்பி வந்து ஓய்ந்துபோனது. மறுநாள் அவரிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்டுக்கொண்டேன்: அந்தப் பையன் முதல் கணக்கை முடித்ததும் அவனிடம் போய்ப் பார்த்துச் சரியா தவறா என்று உடனே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் அதைச் செய்தார். பென்சில் தட்டுவது முற்றிலும் நிற்கவில்லை; ஆனால் மூன்றாவது கணக்கில் நின்றவன் ஆறாவது கணக்கு வரை போனான். 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போன ஸ்கின்னரின் மனத்தை உறுத்தியதும் இதுவே. தாம் செய்தது சரியா என்று குழந்தைகளுக்கு உடனுக்குடன் தெரியவில்லை. எல்லாரும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் கற்பிக்கும் இயந்திரங்களை வடிவமைக்கத் தொடங்கினார். அன்று அவர் குறை கண்டது கற்பிக்கும் முறையில். வகுப்பிலிருந்த குழந்தைகளின் ஊக்கத்தில் அன்று.

‘பரிசும் தண்டனையும்தான் நடத்தையியல்’ என்ற கட்டுரையின் வாக்கியத்தைத் திருத்தியே ஆக வேண்டும். பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்த தார்ன்டைக், இன்பம் தரும் விளைவு நடத்தையை வலுப்படுத்தும், துன்பம் தரும் விளைவு அதே அளவுக்கு நலிவுறச் செய்யும் என்று தொடக்கத்தில் கருதினார். 1930-களில் அந்த இரண்டாம் பாதியை அவரே கைவிட்டார். 1938-இல் வெளியான தம் முதல் நூலில் ஸ்கின்னர் ஒரு சோதனையை விவரிக்கிறார். பிடியை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. அவற்றில் ஒரு குழுவுக்கு மட்டும், தொடக்கத்தில் சிறிது நேரம், பிடியை அழுத்தும்போதெல்லாம் முன்னங்காலில் ஓர் அடி விழுந்தது. அடி வாங்கிய எலிகள் உடனே அடங்கின. ஆனால் அடி நின்ற பிறகு அவை மீண்டும் அழுத்தத் தொடங்கி, மொத்த எண்ணிக்கையில் அடி வாங்காத எலிகளை எட்டிப் பிடித்துவிட்டன. கடுமையான தண்டனை நடத்தையை நீண்ட காலம் அடக்கவும் கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் தண்டனை புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதிலும், அது அச்சத்தையும் தப்பித்தலையும் வளர்க்கும் என்பதிலும் ஸ்கின்னர் கடைசிவரை உறுதியாக இருந்தார். பிரம்பை நியாயப்படுத்த விரும்புகிறவர்கள் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

இனி, மனிதருக்குள் இருக்கும் வளர்ச்சி உந்துதலை மையமாக வைத்த மனிதநேய உளவியலுக்கு வருகிறேன். மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டுவதாகக் கட்டுரையில் அச்சிடப்பட்ட ஐந்தடுக்குப் பிரமிடின் கீழே, ‘1943-இல் மாஸ்லோ வரைந்தது’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. இந்த மரபின் முன்னோடிகளில் ஒருவரான ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய அந்தப் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் பிரமிடு எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, 1960-இல் நிர்வாக ஆலோசகர் ஒருவர் வணிக இதழில் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் படத்தின் தொடக்கம் கிடைத்தது. இது வெறும் படப் பிழை அன்று. பிரமிடைப் பார்க்கிற எவருக்கும், கீழ்ப்படியை முழுவதும் முடித்த பிறகுதான் மேல்படியில் கால் வைக்க முடியும் என்றே தோன்றும். மாஸ்லோ சொன்னது அதற்கு மாறானது. சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும், தன்மதிப்பு 40 விழுக்காடும், தன்திறனை முழுமையாக்கிக்கொள்ளும் தேவை 10 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்று, விளக்கத்துக்காகத் தாமாகக் கொண்ட எண்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே, அவர் எழுதினார். எல்லாத் தேவைகளும் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் ஓரளவு நிறைவேறியும் ஓரளவு நிறைவேறாமலும் இருக்கின்றன என்பதே அதன் பொருள். பசியோடு வரும் குழந்தைக்குப் பாராட்டோ அழகுணர்ச்சியோ இப்போது தேவையில்லை என்று அந்தப் படத்தைக் காட்டி வாதிட்ட பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மாஸ்லோவின் பணியில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தன்திறன் நிறைவுபெற்றவர்கள் என்று அவர் ஆராய்ந்தவர்களை அவரே தம் மதிப்பீட்டின்படி தேர்ந்தெடுத்தார். லிங்கன், ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட் போன்றோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தாம் வியந்தவர்களைத் திரட்டி அவர்களுடைய பொதுப்பண்புகளையே மனித வளர்ச்சியின் உச்சம் என்று சொன்னால், அதில் ஆராய்பவரின் விருப்பமும் கலந்துவிடும் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் நடத்தையியலை அறியாமல் அதை எதிர்த்தவர் அல்லர் அவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவின் வழிகாட்டுதலில் குரங்குகளின் நடத்தையை ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஹார்லோவின் ஆய்வுக்கூடத்தில் பின்னர், தாழ்ப்பாளும் கொக்கியும் கொண்ட புதிர்களைக் குரங்குகள் உணவு எதுவும் கொடுக்கப்படாமலேயே திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்தது 1950-இல் பதிவாயிற்று. உள்ளார்ந்த ஊக்கம் என்று இன்று நாம் பேசுவதற்கு விலங்கு ஆய்வுக்கூடத்திலிருந்தும் சான்று வந்தது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

இதே மரபின் இன்னொரு முன்னோடியும் உளவியல் ஆலோசகருமான கார்ல் ரோஜர்ஸைப் பற்றிக் கட்டுரையில் மூன்றே வரிகள் இருந்தன. என் வாழ்க்கையில் என்னைத் திருத்தியவர் அவர்தான் என்பதால் இங்கே சற்று நிற்க அனுமதி வேண்டுகிறேன். இளமையில் பண்ணையில் வளர்ந்து, முதலில் வேளாண்மை படிக்கப் போனவர் அவர். குளிர்காலத்துக்காக வீட்டின் நிலவறையில் சேமித்து வைத்த உருளைக்கிழங்குகள், மேலே தொலைவில் இருந்த ஒரு சிறு சன்னலின் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை இரண்டு மூன்று அடி நீளத்துக்கு நீட்டியிருந்ததைச் சிறுவயதில் பார்த்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்த முளைகள் ஒருபோதும் நல்ல செடியாகப் போவதில்லை. ஆயினும் கிடைத்த நிலையில் வளரவே முயன்றன. பார்ப்பதற்கு விகாரமாகத் தெரிகிற மனித நடத்தைகளையும் அவர் அப்படித்தான் பார்த்தார். வளரும் உந்துதல் எல்லா உயிரிலும் உண்டு என்பது அவருடைய அடிப்படை. சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

நான் பாடம் கற்றது ஒரு மாணவியிடம். கற்பித்தல் பயிற்சித் தேர்வில் தோற்றுவிட்டு என் அறைக்கு வந்திருந்தார். பாடக்குறிப்பை எப்படி எழுதுவது, குரலை எப்படி உயர்த்துவது என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க மேடம்’ என்று தலையசைத்தார். ஒரு கட்டத்தில் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ‘சொல்லும்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, முகத்தை நிமிர்த்தாமலேயே, ‘எனக்கு டீச்சர் ஆகணும்னே இல்ல மேடம், ஆனா தோத்துட்டு அப்பா முன்னாடி போய் நிக்க முடியாது’ என்றார். முந்தைய ஆண்டுகளில் இருந்த நானாக இருந்திருந்தால், அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று தேற்றி, மீண்டும் பாடக்குறிப்புக்குப் போயிருப்பேன். அன்று, ‘அப்பா முன்னாடி நிக்கவே முடியாதுன்னு தோணுது’ என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு அவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் பேசினார். ஒரு மாதம் கழித்து, வீட்டில் தாமே பேசி, படிப்பை மாற்றிக்கொண்டார். கட்டுரையின் பத்துக் கேள்விகளை அவரிடம் கொடுத்திருந்தால், வெளியிலிருந்து தள்ளினால்தான் நகர்கிற ஆளுமை என்றே முடிவு வந்திருக்கும்.

ரோஜர்ஸ் ‘மதிப்புக்கான நிபந்தனைகள்’ என்று குறிப்பிட்டது இதைத்தான். இப்படி இருந்தால் மட்டுமே நீ எங்கள் அன்புக்கு உரியவள் என்று குழந்தைக்குச் சொல்லாமல் சொல்லப்படும்போது, அது தன் அனுபவத்தை நம்புவதை விட்டுவிட்டுப் பிறருடைய மதிப்பீட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. எதிரில் இருப்பவரின் நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத உண்மைத்தன்மை ஆகியவை இருந்தால் மாற்றம் நிகழும் என்று அவர் 1957-இல் எழுதினார். அந்த மூன்றும் யாரிடம் இருக்க வேண்டியவை என்பதைக் கவனித்தால் நான் சொல்ல வருவது விளங்கும்: அவை உதவி செய்ய வருபவரிடம் இருக்க வேண்டியவை. உதவி பெறுகிறவர் என்ன வகை ஆளுமை என்ற கேள்வியை முன்நிபந்தனையாக வைப்பதை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். மனிதநேய உளவியல் என்றாலே அறிவியலுக்கு அப்பாற்பட்ட நல்லெண்ணம் என்ற பேச்சும் அவருக்குப் பொருந்தாது. ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, முழு அமர்வுகளையும் சொல்லுக்குச் சொல் 1942-இலேயே அச்சிட்டு, பிறர் ஆராயும்படி திறந்து வைத்தவர் அவர்.

இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்த தருணமும் உண்டு. 1956-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் ரோஜர்ஸும் ஸ்கின்னரும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். அந்த விவாதம் அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. மனித நடத்தையைக் கட்டுப்படுத்துவது பற்றி அவர்கள் வாதிட்டார்கள். கட்டுப்பாடு எங்கும் ஏற்கெனவே இருக்கிறது, அதை நாம் மறுத்தால் பொறுப்பற்றவர்கள் கைக்கு அது போய்விடும் என்றார் ஸ்கின்னர். அப்படியானால் யார் யாரைக் கட்டுப்படுத்துவது, எந்த நோக்கத்துக்காக, அந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்டார் ரோஜர்ஸ். இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காது என்பதே என் கருத்து. இது விழுமியம் பற்றிய உண்மையான முரண்பாடு, இன்றும் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாக யாரும் எழுதக்கூடாது. ஆனால் அன்றாட வேலையில் இருவரும் எவ்வளவு நெருங்கி வருகிறார்கள் என்பதற்கு 1966-இல் சார்ல்ஸ் ட்ரூவாக்ஸ் வெளியிட்ட ஆய்வு சான்று. ரோஜர்ஸே நடத்தி, நல்ல பயன் தந்த ஒரு நீண்ட சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை அவர் பகுத்துப் பார்த்தார். எதிரில் இருந்தவர் சில வகையாகப் பேசும்போது ரோஜர்ஸின் கனிவும் ஒத்துணர்வும் கூடின; வேறு வகையாகப் பேசும்போது குறைந்தன; எவற்றுக்குக் கூடினவோ அந்தப் பேச்சுகளில் பெரும்பாலானவை நாளடைவில் அதிகரித்தன. நிபந்தனையற்ற ஏற்பிலும் அறியாமலேயே வலுவூட்டல் நிகழ்ந்திருக்கிறது. ரோஜர்ஸின் மதிப்பு இதனால் என் கண்ணில் குறையவில்லை. நாம் கவனத்தை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைத்தான் இந்த ஆய்வு எனக்குக் காட்டியது.

‘பரிசு ஊக்கத்தைக் கொல்லும்’ என்று கட்டுரை தடித்த எழுத்தில் சொன்னதற்கு அடிப்படையான ஆய்வு 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 51 குழந்தைகள். எல்லாருமே வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் முன்பே விருப்பம் உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். படம் வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே பின்னர் அது தரப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் கேட்காத ஓய்வு நேரத்தில், முதல் குழுக் குழந்தைகள் மற்றக் குழந்தைகள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு எந்தக் குறைவும் நேரவில்லை. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்கூட்டியே சொல்லித் தரப்படும் கைப்பொருள் பரிசு உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைத்தது, வாய்மொழிப் பாராட்டு பொதுவாகக் கூட்டியது என்றே வந்தது. இதற்கு முன் 1994-இல் கேமரனும் பியர்ஸும் செய்த தொகுப்பு, அந்தத் தீங்கு மிகவும் குறுகிய எல்லைக்குள்தான் நிகழ்கிறது என்று வாதிட்டது. ஆகவே ‘கொல்லும்’ என்ற சொல் மிகை. முன்பே விருப்பம் இருக்கிற செயலுக்கு விலை பேசாதீர்கள் என்பது வரை சான்று உண்டு. விருப்பமே எழாத ஒரு பாடத்தில் முதல் அடி எடுத்து வைக்கச் சிறு பரிசு உதவுமா என்ற கேள்விக்கு அந்த வண்ணப் பேனா ஆய்வில் விடை இல்லை.

அந்த ஆய்வில் கட்டுரையாளர் கண்ணில் படாத ஒன்று, அவருடைய முடிவையே கவிழ்த்துவிடுகிறது. அந்த 51 குழந்தைகளும் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பது அவர்களுடைய ஆளுமையைப் பார்த்து முடிவு செய்யப்படவில்லை, குருட்டாம்போக்கில் பிரிக்கப்பட்டார்கள். ஒரே மாதிரி விருப்பத்தோடு வந்த குழந்தைகளில் சிலருடைய விருப்பம் குறைந்ததும், சிலருடையது குறையாமல் இருந்ததும் பெரியவர்கள் அவர்களிடம் என்ன சொன்னார்கள் என்பதால் நேர்ந்தவை. உள்ளார்ந்த ஊக்கம் குழந்தையின் வகை என்றால் இந்த விளைவு வந்திருக்கவே முடியாது. டெசியும் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டில் தன்விருப்பம், திறமை, உறவு என்ற மூன்று தேவைகள் சொல்லப்படுகின்றன: இதை நானே தேர்ந்தேன் என்ற உணர்வு, என்னால் இது முடிகிறது என்ற உணர்வு, இங்கே நான் வேண்டியவன் என்ற உணர்வு. அவை எல்லா மனிதருக்கும் பொதுவானவை. நம் மொழியிலேயே ஊக்கம் என்றால் உள்ளே எழுவது, ஊக்குவித்தல் என்றால் பிறர் செய்வது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களையும் கட்டுரை இரண்டு வகை மனிதர்களாகப் பிரித்துவிட்டது.

குழந்தைகளுக்குள் இயல்பான வேறுபாடுகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. பிறந்த சில மாதங்களிலேயே ஒரு குழந்தை புதியதை நோக்கித் தாவுவதையும், இன்னொன்று தயங்கி நிற்பதையும் எந்தத் தாயும் அறிவார். இரட்டையர் ஆய்வுகள் ஆளுமைப் பண்புகளில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று காட்டுகின்றன. வாட்சன் அதை மிகக் குறைத்து மதிப்பிட்டார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேறுபாடுகள் பல அளவுகளில் தொடர்ச்சியாகப் பரவியிருப்பவை. அவற்றைப் பத்துக் கேள்விகளால் இரண்டாக வெட்ட முடியாது, வெட்டிய துண்டுகளுக்கு ஸ்கின்னர் பெயரையும் ரோஜர்ஸ் பெயரையும் சூட்டவும் முடியாது.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. பிரமிடின் கீழே உள்ள குறிப்பையும், தண்டனை பற்றிய வாக்கியத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுங்கள். அந்தப் பத்துக் கேள்விகள் உளவியல் சோதனை அன்று என்பதை, அவை அச்சான அதே அளவு கட்டத்தில் தெரிவியுங்கள். ஏனெனில் இந்நேரம் சில வீடுகளில் அவை பென்சிலால் நிரப்பப்பட்டு, ஒரு பிள்ளையின் பெயரோடு மேசை மேல் கிடக்கக்கூடும். அந்த இடத்தில் பெற்றோரும் ஆசிரியரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க சில கேள்விகளைப் போடலாம்: இந்த வாரம் என் பிள்ளை என்ன செய்தபோது நான் தலை நிமிர்ந்து பார்த்தேன்? அவன் முடித்துவிட்டு வந்து காட்டியபோது என் கை என்ன செய்துகொண்டிருந்தது? தோற்றுவிட்டு வந்து நின்றபோது நான் கேட்டேனா, சொன்னேனா? அவனாகவே விரும்பிச் செய்துகொண்டிருந்த எதற்காவது நான் பரிசு பேசினேனா? இவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டவும் வேண்டாம், வகை பிரிக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆசிரியர் கல்வியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற வாசகர்